முழுமுதல்

ஜூன் 22
கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசியில் நானும் ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட்டின் புத்தகமும். நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியக் கருத்துகள் எல்லாம் வேடம் மாற்றிக்கொண்ட இறையியல் கருத்துகள்தான் என்று 1922இல் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் பலருக்கு இது உறுத்தியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் இறை என்றால் கடவுள், அரசன், வரி மூன்றும்தானே! வேடமே போடாமல் 'இறையாண்மை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 23
பஸ்ஸில் தோன்றியது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது 'முழுமுதல் ஆட்சி'யை, அதாவது இறையாண்மையை, நிலைநிறுத்துவதாகச் சொல்கிறார்கள். நமக்கு முழுமுதல் என்றால் பிள்ளையார் ஞாபகம்தான் வரும். கடவுள் பெயர் வேண்டாம், 'உளமார' போதும் என்பவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசியலமைப்பின் முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்கலாம் என்று 1949 அக்டோபர் 17 அன்று உறுப்பினர் எச்.வி. காமத் கேட்டபோது, அரசியல் நிர்ணய சபை 68க்கு 41 என்று தோற்கடித்தது.

ஜூன் 25
நெருக்கடி நிலை வந்த நாள். விதிவிலக்கை யார் தீர்மானிக்கிறாரோ அவரே இறைமையாளர். சட்டத்தில் விதிவிலக்கு, இறையியலில் அற்புதம் மாதிரி. இதுவும் ஷ்மிட்தான். (மனுஷன் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், மறக்கக் கூடாது.) 1975இல் அந்த அற்புதம் ராத்திரியோடு ராத்திரியாக நடந்தது, அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். அப்புறம் 1978இல் 44ஆவது திருத்தம்: அமைச்சரவை எழுத்தில் தராமல் குடியரசுத் தலைவர் இனி அறிவிக்க முடியாது. அற்புதம் நிகழ்த்தவும் கையெழுத்திட்ட காகிதம் கேட்டிருக்கிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஜூன் 27
அம்மாவோடு கபாலீஸ்வரர் கோயில். ஓதுவார் 'நாமார்க்கும் குடியல்லோம்' எடுத்தார். பல்லவன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அப்பர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அட, ஷ்மிட் கண்ணில் இது படவில்லையே! அவருடைய கடவுள் அரசனுக்கு அச்சு வார்த்துக் கொடுக்கிறவர். இங்கே கடவுளைக் காட்டியே ஒருவர் அரசனிடம் வரமுடியாது என்கிறார்.

சந்தோஷம் பாட்டு முடியும்வரை நிற்கவில்லை. 'கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்' என்று வந்தது. கோமான். மறுபடியும் அரசன்தான்.

அம்மா கண்ணை மூடிக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.