இதழியல் படிப்பு முடித்துத் தனியாகப் புகைப்படம் எடுக்க இறங்கும் தம்பி தங்கைகளுக்கு

இதழியல் டிப்ளோமாவின் கடைசி செமஸ்டரில் படக்கட்டுரை ஒன்று செய்ய வேண்டும், பன்னிரண்டு படங்கள். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டுபவர்களை எடுத்தேன். மூன்று வாரம், காலை ஆறரைக்கே போய் நின்றேன், படங்களும் நன்றாகவே வந்திருந்தன. விரிவுரையாளர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்து, "இந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 'பூ கட்டும் பெண், பிரிக்பீல்ட்ஸ்' என்றுதான் கீழே எழுதியிருந்தேன். பன்னிரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் போய்ப் பேசினேன். "இத்தன நாளா எடுத்தியே கண்ணு, இன்னைக்குத்தான் வாயத் திறக்கிற" என்றார் அந்த அம்மா. பிறகு மல்லிகைச் சரத்தைக் கட்டிக்கொண்டே தோட்டத்தில் பிறந்தது, கணவர் போனபின் கோலாலம்பூருக்கு வந்தது, எல்லாம் சொன்னார். அன்று எடுத்த படம்தான் அந்தத் தொகுப்பிலேயே நன்றாக இருந்தது, பிற்பாடு அதுதான் எனக்கு முதல் வேலையையும் வாங்கிக் கொடுத்தது.

கோலாலம்பூரில் நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களில் யார், எங்கே, எப்போது என்று எதுவுமே இருக்காது, அதை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் படித்த படிப்பு உங்களுக்குக் கை கொடுக்கும் இடம் இதுதான். படம் எடுத்ததும் பெயரைக் கேளுங்கள், தமிழில் எப்படி எழுதுவார்கள், மைகார்ட் அடையாள அட்டையில் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எப்படி இருக்கிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் லைட்ரூம் மென்பொருளில் படத்துக்குள்ளேயே தலைப்பு, விவரம், தேதி, உங்கள் பெயர் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். ஐ.பி.டி.சி என்று அதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் செய்யவே மாட்டோம்.

எல்லோரும் முதலில் தைப்பூசத்துக்குத்தான் ஓடுவார்கள், நானும் ஓடினேன். போங்கள், ஆனால் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளின் அடியில் நின்று சிலையையும் கூட்டத்தையும் எடுக்கும் படம் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முன்பே, இரவில், துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போதே போய்விடுங்கள், பத்துமலை வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடை, அந்த வழி முழுக்கக் கதைதான். வீட்டு வாசலில் தேங்காய் அடுக்கி வைத்துக் காத்திருக்கும் குடும்பம், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அப்பா. விடியும் நேரத்தில் சுங்கை பத்து ஆற்றங்கரைக்குப் போனால் குளித்து, அலகு குத்தி, காவடி எடுப்பவர்களைப் பார்க்கலாம். அங்கே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அருள் வந்து நிற்பவரின் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள், கூட வந்திருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள், பெயரும் அப்போதே கிடைத்துவிடும். ஐ.எஸ்.ஓ 3200, ஷட்டர் 1/250, 35 எம்.எம். லென்ஸ், இது போதும். சாலைகளை மூடிவிடுவார்கள், கொம்யூட்டர் ரயிலில் போய்விடுங்கள்.

அப்புறம் பணம். இதைக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் வருடம் ஒரு நிறுவனத்தின் குடும்ப தினத்தை 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்துக் கொடுத்தேன், பேச்சு முழுக்க போனில்தான், எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. சில மாதம் கழித்து அதே படங்கள் அவர்களுடைய காலண்டரிலும் விளம்பரப் பலகையிலும் இருந்தன. கேட்டதற்கு, காசு கொடுத்துத்தானே எடுக்கச் சொன்னோம் என்றார்கள். மிகவும் வருத்தப்பட்டேன், பிறகு சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் பலமாக இருந்தது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 26ஆவது பிரிவின்படி, ஒருவர் சொல்லி நீங்கள் செய்து கொடுக்கும் படைப்பின் உரிமை, மாற்றி ஒப்பந்தம் போடாதவரை, சொன்னவருக்கே போய்விடுகிறது. படம் எடுத்தவருக்குத்தான் உரிமை என்று பொதுவாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது இங்கே பிறர் சொல்லி எடுத்துக் கொடுக்கும் படத்துக்குப் பொருந்தாது.

அன்றிலிருந்து கோட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்: பதிப்புரிமை என்னிடமே இருக்கும், இந்தப் படங்களை இன்ன இடத்தில் இத்தனை மாதம் பயன்படுத்தலாம், அதற்கு மேல் தனிக் கட்டணம், பாதித் தொகை முன்பணம். அரைப் பக்கம்கூட வராது. நம்மவர்களிடம் போய் எப்படி இதையெல்லாம் கேட்பது என்று கூச்சம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் எழுதிக் கொடுத்தபின் அந்த அங்கிள்களே மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள், பணமும் நேரத்துக்கு வந்தது.

சொந்தப் பெயரில் தொழில் பதிவு செய்ய எஸ்.எஸ்.எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் வருடத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். வருமான வரிக்கு நிரப்ப வேண்டியது பி பாரம், சம்பளக்காரர்களின் பி.இ பாரம் இல்லை. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், லென்ஸ் வாங்கிய பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் ஈரத்தில் கேமராவைப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டாம் கையாக வாங்கிய என் முதல் 50 எம்.எம். அப்படித்தான் போனது. புது கேமரா உடலுக்குச் சேர்த்து வைக்கும் பணத்தில் முதலில் ஈரம் ஏறாமல் காக்கும் டிரை பாக்ஸ் ஒன்று வாங்கி, 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிடுங்கள். கூடவே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று உங்கள் அறையில், இன்னொன்று அம்மா வீட்டில்.

முதல் வருடம் பத்திரிகைப் படத்தை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியவில்லை. வாரக் கடைசிகளில் நிச்சயதார்த்தம், காது குத்து, பிறந்தநாள் என்று எடுத்தேன். அங்கேயும் பாட்டி, தாத்தா, பெரியம்மா என்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு ஆல்பத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள்.