அறிவியலைக் கதையாகச் சொல்லப் பழகிய ஒரு செமஸ்டர்

முதுகலைச் சுற்றுச்சூழல் அறிவியல் படித்தபோது, மூன்றாம் செமஸ்டரில் அறிவியலை மக்களிடம் எடுத்துச் சொல்வதற்கான பயிற்சித் தாள் ஒன்று இருந்தது. எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு கட்டுரை, மூன்று நிமிடப் பேச்சு, கடைசியில் வைவா எனும் வாய்மொழித் தேர்வு. நான் படித்த தாள்களிலேயே அதிகம் உழைக்க வைத்தது அதுதான். பிறகு இரண்டு ஆண்டுகள் அடுத்து வந்த மாணவர்களுக்கு அதே பயிற்சியில் உதவியாளராகவும் இருந்தேன். இப்படியொரு தாளை எடுக்கப் போகிறவர்களுக்காக, எனக்குப் பயன்பட்டவற்றை எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு, தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த சோதனை இது. பாதிப் பாட்டுகளாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் பிடிபட்டவை மூன்றே மூன்று. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஒலிக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக். என் ஆய்வைப் பற்றி நான் பேசும்போது எதிரில் இருப்பவருக்கு என்ன கேட்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

என் ஆய்வு, குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பற்றியது. முதல் வரைவை ஆய்வறிக்கையின் வரிசையிலேயே எழுதினேன்: முன்னுரை, செய்முறை, முடிவுகள். அந்தத் தாளில் ஒரு வழக்கம் உண்டு. வரைவை வேறு துறை மாணவர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். எந்த வரியில் அவருக்குக் கவனம் விட்டுப்போகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தர வேண்டும். திருத்தம் வேண்டாம், கருத்தும் வேண்டாம். என்னுடையதைப் படித்தவர் வரலாற்று மாணவி. நான்காவது வரியில் கோடு விழுந்திருந்தது. "தலைப்புல மீன்னு போட்டிருக்கீங்களே, அந்த மீனெல்லாம் எங்க?" என்றார். மீன் ஆறாவது பத்தியில் இருந்தது.

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் பென்சில் கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லும் பத்து நண்பர்களைவிட, கோடு போடுகிற ஒருவர் போதும்.

அடுத்த வாரம், ஆக்சிஜனை அளக்கும் மீட்டரை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் குளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார் பேராசிரியர். விடிவதற்கு முன்னால் போனேன். மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் அதே கரையில் பல மாதங்கள் நீர் மாதிரிகள் எடுத்திருக்கிறேன். கண் முழுக்க மீட்டரில் இருந்ததால் மீன்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைக் கொடுக்கின்றன. இருட்டியதும் அது நின்றுவிடுகிறது. சுவாசம் மட்டும் தொடர்கிறது. எனவே விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். நீர் சூடானால் நிலைமை இன்னும் மோசம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரைதான். நான் ஆறு பக்கத்தில் சொல்ல முயன்றது முழுக்க அந்த மீன்களின் வாயில் இருந்தது. கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதுபோலத்தான் அறிவியலுக்குக் கதை என்று நினைத்திருந்தேன். அது தவறு. சரியான காட்சி கிடைத்துவிட்டால் அதற்குள்ளேயே அறிவியல் இருக்கிறது.

இங்கேதான் ஒரு தவறும் செய்தேன். மீன்களைப் பார்த்தது ஒரு நாள். மிகக் குறைந்த அளவை மீட்டர் காட்டியது வேறொரு நாள். கட்டுரையில் இரண்டையும் ஒரே விடியலாகச் சேர்த்து எழுதிவிட்டேன். படிக்க அழகாக இருந்தது. பேராசிரியர் என் களக் குறிப்பை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இது ரெண்டு நாள். ரெண்டு நாளாவே எழுது" என்றார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. மாற்றி எழுதியபோது கட்டுரை உண்மையில் மேம்பட்டது: மீன்களைப் பார்த்த பிறகு நான் மறுபடி மீட்டரோடு போன காரணம் கதைக்குள் வந்துவிட்டது. சுற்றுச்சூழலைப் பற்றி எழுதும்போது இந்த ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு காட்சியை இன்னும் கொஞ்சம் சோகமாக்கத் தோன்றும். 'தொடர்பு இருக்கலாம்' என்ற இடத்தில் 'இதுதான் காரணம்' என்று எழுதத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரு இடத்தில் பிடிபட்டால், வாசகர் உங்கள் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

சொந்தக் களம் இல்லாத மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு தெற்காசியாவின் பாறு கழுகுகள். 1990-களில் அவை கூட்டம் கூட்டமாகக் குறைந்தன. ஏதோ தொற்றுநோய் என்றே பலர் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2004-ல் விடையை வெளியிட்டார்கள்: கால்நடைகளுக்கு வலி மருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக். மருந்து உடலில் தங்கியிருந்த கால்நடையின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் அதைக் கால்நடை மருத்துவத்தில் தடுக்க நடவடிக்கை எடுத்தன. மெலோக்சிகாம் என்ற மாற்று மருந்தும் இருந்தது. மாணவர்கள் பெரும்பாலும் "டைக்ளோஃபெனாக்கால் கழுகுகள் அழிந்தன" என்று முதல் வரியிலேயே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் எந்த வரிசையில் குழம்பினார்களோ, அதே வரிசையில் வாசகரையும் அழைத்துப் போங்கள். தவறான சந்தேகத்தையும் சொல்லுங்கள். அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

அப்புறம் எண்கள். சார்ல்ஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதை எளிமையாக்க நினைத்த ஒரு மாணவர், "பத்தாயிரம் மூலக்கூறுகளில் மூன்றாக இருந்தது இப்போது நான்கு" என்று பேசினார். கணக்கு சரிதான். ஆனால் கேட்டவர்கள், "ஒன்றுதானே கூடியிருக்கிறது?" என்றார்கள். அதே மாற்றத்தை "மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு எண்ணத்தை உண்டாக்கும். எண்ணைச் சுருக்கிய பிறகு அது கேட்பவர் மனதில் என்னவாகப் பதிந்தது என்று கேட்டே ஆக வேண்டும். சொற்களுக்கும் இது பொருந்தும். புள்ளியியலில் 'பிழை' என்றால் அளவீட்டின் ஏற்ற இறக்கம். வெளியே அதற்குத் தப்பு என்றுதான் அர்த்தம். ஒரு மாற்றம் தன்னையே மேலும் பெருக்கிக்கொள்வதுதான் 'நேர்மறைப் பின்னூட்டம்'. வெளியே அதை நல்ல செய்தி என்றே நினைப்பார்கள்.

மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரே ஒரு ஸ்லைடு போதும், அதிலும் எழுத்து வேண்டாம். மனப்பாடம் செய்யாதீர்கள், முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் உறுதியாக இருக்கட்டும். செல்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். நான் ஒன்பது முறை பதிவு செய்தேன். ஐந்தாவது முறைதான் மூன்று நிமிடத்துக்குள் வந்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியை நீண்ட நேரம் கேட்டார். மேலே வந்த மீன்கள் ஆக்சிஜன் குறைவால்தான் வந்தன என்று எப்படிச் சொல்கிறாய்? உணவுக்காகவும் மேலே வரலாமே? என்னிடம் இருந்தவற்றை வரிசையாகச் சொன்னேன்: மறுபடி போன நாள் மீட்டர் காட்டிய அளவு, வெயில் ஏறியதும் மீன்கள் கீழே போனது. அது அறுதியான நிரூபணம் இல்லை என்பதையும் சொன்னேன். களக் குறிப்பைக் கேட்டார். இரண்டு தேதிகளும் தனித்தனிப் பக்கத்தில் இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை வெப்பநிலையையும் குறிச்சு வை" என்றார்.