ஓஎச்பி ஷீட்டில் ஜெலட்டின் நின்றுவிட்டது

ஒருவழியாக வெறும் பாலியெஸ்டர் ஷீட்டில் (ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான ஒளி ஊடுருவும் ஷீட்) ஜெலட்டின் பூச்சு ஒட்டிவிட்டது! காய்ந்ததும் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செல்லோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். ஒரு கட்டம்கூடப் பெயரவில்லை. வீட்டில் ஃபோட்டோ ஃபிலிம் பூசிப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஷீட்டின் மேற்பரப்பில் யூவி (புற ஊதா) ஒளியும் ஓசோனும் படவைத்து, நீரும் ஜெலட்டினும் ஒட்டும்படி மாற்றுவதுதான் வழி. அதற்கு விளக்கு வாங்கும்போது கவனம். வாட்டர் பியூரிஃபயரில் வரும் சாதாரண யூவி குழாய் 254 நானோமீட்டர் ஒளியை மட்டும்தான் வெளியே விடும். 185ஐ அதன் கண்ணாடியே தடுத்துவிடும். ஓசோனை உண்டாக்குவது 185. அந்த ஓசோனை உடைத்து ஆக்சிஜன் அணுவை விடுவிப்பது 254. இரண்டும் வேண்டுமென்றால் 185ஐயும் விடுகிற குவார்ட்ஸ் குழாய்தான். ஆன்லைனில் ஒரு கடைக்காரர் ஓசோன் விளக்கு என்று சொல்லிச் சாதாரணக் குழாயை அனுப்பி, மாற்றித் தரவும் மறுத்துவிட்டார். இன்னும் கோபம் ஆறவில்லை.

185ஐக் காற்றில் உள்ள ஆக்சிஜன் உறிஞ்சிவிடும் என்பதால் ஷீட்டை விளக்குக்கு 5 மி.மீ. அருகில் வைத்தேன். சூட்டில் நெளியாமல் இருக்க அடியில் அலுமினியத் தகடு. பெட்டிக் கதவு திறந்தால் விளக்கு அணையும்படி சுவிட்ச் கட்டாயம். கண்ணோடும் ஓசோனோடும் விளையாடக் கூடாது.

இனி முக்கியமான இடம். நீர்ச்சொட்டு தட்டையாகப் பரவினால் வேலை முடிந்தது என்று நம்பாதீர்கள். அதிக நேரம் காட்டினால் மேற்பரப்பின் நீண்ட சங்கிலிகள் அறுந்து, நீரில் கரையும் சிறு துண்டுகளாகக் கிடக்கும். சொட்டு அழகாகப் பரவும். ஆனால் ஜெலட்டின் பிடிப்பது அந்தத் தூசிப் படலத்தைத்தான். ஈரம் பட்டால் மொத்தமாக உரிந்து வரும். அதனால் ஒவ்வொரு துண்டையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, உலர்த்தி, அப்புறம்தான் சொட்டு வைத்துப் பக்கவாட்டில் மேக்ரோ படம் எடுக்கிறேன். 20 நிமிடம் காட்டியதில் அலசியதும் தொடுகோணம் (சொட்டின் விளிம்பு ஷீட்டோடு செய்யும் கோணம்; ஏறினால் சொட்டு சரியாகப் பரவவில்லை என்று பொருள்) சட்டென்று ஏறிவிட்டது. 5 நிமிடத்தில் பெரிய மாற்றமில்லை. டேப்புக்குத் தப்பியதும் அதுதான். உங்கள் விளக்குக்கு இந்தக் கணக்கு மாறும், ஆனால் அலசிப் பார்க்கும் வழி எல்லோருக்கும் ஒன்றே.

ஒளி பட்டால் படம் பதியும் சில்வர் எமல்ஷன் இன்னும் பூசவில்லை. அதற்குள் பாலிபுரொப்பிலீன் மேல் ஆசை வந்துவிட்டது. அதன் சங்கிலியில் ஆக்சிஜனே கிடையாது, பாலியெஸ்டரைவிட அடம்பிடிக்கும். பூச்சில்லாத ஷீட் சென்னை ரிச்சி தெருப் பக்கம் கிடைக்குமா என்று இந்த வாரம் விசாரிக்க வேண்டும்.