டெம்ப்ஸ்டர் சாலையில் வடக்கே: பீல் ஆற்றைப் பங்கு போட்ட கதை

கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகான் பகுதியில், டாசன் சிட்டியை நெருங்கும்போதே சாலையின் இரண்டு பக்கமும் கூழாங்கல் மேடுகள் தொடங்கிவிடுகின்றன. 1896இல் பொனான்ஸா ஓடையில் தங்கம் கிடைத்ததும் முதலில் மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். அப்புறம் வந்த மிதக்கும் ராட்சத வாரி இயந்திரங்கள் 1960கள் வரைக்கும் ஆற்றுப்படுகையைத் தோண்டி, தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சக் கல்லைப் பின்பக்கமாகக் கொட்டிக்கொண்டே நகர்ந்திருக்கின்றன. அந்த மேடுகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. என்னோடு வந்த மச்சான் கால்கரியில் எண்ணெய்த் துறையில் சம்பளம் வாங்குகிறவர். "இதெல்லாம் பழைய காலத்து வேலை மாப்ள, இப்போ சட்டம் வேற" என்றார். சரி என்று விட்டேன், வண்டி அவருடையது.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை டாசனுக்குக் கிழக்கே பிரிகிறது. அடுத்த பெட்ரோல் பங்க் 369 கிலோமீட்டர் தள்ளி, ஈகிள் ப்ளெய்ன்ஸில். சாலை முடிகிற இனூவிக் ஊர் வரைக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட முழுக்கச் சரளை. கூரான கற்கள் டயரைக் கிழித்துவிடும் என்பதால் இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதீர்கள். அடியில் இருப்பது நிரந்தரமாக உறைந்த மண், அது உருகிச் சாலை உள்ளே இறங்கிவிடக் கூடாதென்று தடிமனாகச் சரளையைக் கொட்டி அதன் மேல் போட்டிருக்கிறார்கள். இந்தச் சாலையே எண்ணெய்க்காகத்தான் பிறந்தது. 1950களின் கடைசியில், டீஃபன்பேக்கர் பிரதமராக இருந்தபோது, வடக்கின் வளங்களை எட்டுவதற்கென்று ஆரம்பித்து, நடுவில் பல வருடம் கிடப்பில் போட்டு, 1979இல்தான் திறந்தார்கள். மச்சான் இதைக் கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எண்ணெய் தேடிப் போட்ட சாலையில்தானே நீயும் இயற்கை பார்க்க வந்திருக்கிறாய் என்று அர்த்தம். நியாயம்தான்.

டூம்ஸ்டோன் மலைகளைத் தாண்டி நார்த் ஃபோர்க் கணவாய் வந்ததும் தண்ணீர் திசை மாறுகிறது. இந்தப் பக்கம் விழும் மழை யூகான் ஆற்றில் சேர்ந்து பெரிங் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது பிளாக்ஸ்டோன், பீல், மெக்கன்ஸி என்று போய் ஆர்க்டிக் கடலுக்கு. அங்கிருந்து தொடங்குகிறது பீல் வடிநிலம். யூகானுக்குள் இருக்கும் பகுதி மட்டும் சுமார் 67,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அதற்குள் வண்டி போகும் நெடுஞ்சாலை என்று இருப்பது நாங்கள் போய்க்கொண்டிருந்த இந்த ஒன்றுதான், அதுவும் மேற்கு ஓரத்தில். விண்ட், ஸ்னேக், பானெட் ப்ளூம் ஆறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் மிதவை விமானம் பிடித்து, படகு கொண்டுபோக வேண்டும். எங்கள் பர்ஸுக்கு அது எட்டவில்லை.

எஞ்சினியர் க்ரீக் ஓரத்தில் இறங்கிப் பார்த்தோம். கல்லெல்லாம் துருப்பிடித்த சிவப்பு, லேசாகக் கந்தக வாடை. சுரங்கக் கழிவோ என்று யாருக்கும் தோன்றும், ஆனால் இது பாறையிலிருந்து இயற்கையாகவே கசிகிற இரும்பும் தாதுக்களும். கீழே என்னமோ இருக்கிறது என்று நிலமே சொல்கிற இடம் இது. ஸ்னேக் ஆற்றுப் பக்கம் பெரிய இரும்புத் தாதுப் படிவம் இருப்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். யூகானில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் கம்பு நட்டுப் பதிவு செய்தால் அடியிலுள்ள கனிமத்துக்கு உரிமை கோரலாம் என்பது தங்க வேட்டைக் காலத்து விதி. 2000களில் யுரேனியம் விலை ஏறியபோது இங்கே ஆயிரக்கணக்கில் கம்பு நட்டார்கள்.

தோண்டுவதா, காப்பாற்றுவதா என்ற சண்டை அங்கேதான் முற்றியது. 1993 நில ஒப்பந்தப்படி, எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் பிராந்தியத் திட்டத்தை அரசும் முதல் குடிகளும் (அங்குள்ள பூர்வகுடி மக்கள்) சேர்ந்து நியமிக்கும் குழுதான் தயாரிக்க வேண்டும். பீலுக்கான குழு பல வருடம் உட்கார்ந்து, ஊர் ஊராகப் பேசி, 2011இல் இறுதிப் பரிந்துரையைக் கொடுத்தது: 80 சதவீதம் பாதுகாப்பு, 20 சதவீதம் தொழிலுக்கு. யூகான் அரசு அதை வாங்கி வைத்துவிட்டு, 2014இல் தானே ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் சுமார் 70 சதவீதம் சுரங்கத் தேடலுக்குத் திறந்திருந்தது!

நா-சோ நியாக் டன், ட்ரோண்டெக் ஹ்வெச்சின் என்ற முதல் குடி மக்களும் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள், வுண்டுட் க்விச்சின் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் தாமஸ் பெர்கர், உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1970களில் மெக்கன்ஸி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய் பற்றி விசாரித்து, பத்து வருடம் பொறுங்கள் என்று சொன்ன அதே பெர்கர்தான். 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இறுதிக் கட்டத்தில் அரசு சிறு மாற்றம் செய்யலாம், திட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்க முடியாது. 2019இல் மேயோ என்ற ஊரில் திட்டத்துக்குக் கையெழுத்து. 83 சதவீதத்துக்குப் பாதுகாப்பு, 17 சதவீதத்தில் தொழிலுக்கு இடம்.

ஈகிள் ப்ளெய்ன்ஸில் காபி குடித்துக்கொண்டே மச்சான் கணக்குப் போட்டார். "பாதிக்குப் பாதின்னாத்தானே மாப்ள சமநிலை? எண்பத்துமூணுக்குப் பதினேழு எப்படிச் சமநிலை ஆகும்?" எனக்கு இதில் உடன்பாடில்லை. போர்க்குபைன் கரிபூ மான் மந்தை 2017 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அலாஸ்காவின் கடலோரச் சமவெளியில் கன்று ஈன்று, குளிர்காலத்துக்கு இந்த மலைகளுக்கு வருகிறது. பாதி நிலத்தைக் கொடுத்தால் பாதி மந்தை பிழைக்கும் என்று அது கணக்குப் பார்க்காது. ஒரு சுரங்கக் குழி பிடிக்கிற இடம் கொஞ்சம்தான், அதற்குப் போடுகிற சாலைதான் பிரச்சினை. சாலை வந்தால் லாரி வரும், வேட்டைக்காரர் வருவார், ஓநாய்க்கும் ஓட வசதி.

அதே சமயம் 83 என்பதும் முழுசாகப் பூட்டிய கதவு கிடையாது. ஏறக்குறைய 55 சதவீதம்தான் நிரந்தரம். மீதியில் பெரும்பகுதி வனநிலமாக ஒதுக்கப்பட்டு, திட்டத்தைத் திருப்பிப் பார்க்கும்போது மறுபடி பேச்சுக்கு வரும். பழைய சுரங்க உரிமைகளும் ரத்தாகவில்லை. இதைச் சொன்னதும் மச்சானுக்குக் கொஞ்சம் திருப்தி, எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

"இப்போ சட்டம் வேற" என்று அவர் சொன்னதற்கும் பதில் மேயோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஜூனில் ஈகிள் தங்கச் சுரங்கத்தில், சயனைடு கரைசல் ஊற்றித் தங்கம் பிரிக்கும் தாதுக் குவியல் சரிந்து, கரைசல் ஓடை வரைக்கும் போனது. அதுவும் நா-சோ நியாக் டன் மக்களின் பாரம்பரிய நிலம்தான். அந்தச் சுரங்கம் எல்லா அனுமதியும் வாங்கி நடந்தது.

திரும்பி வரும்போது டாசனில் தங்கியிருந்த விடுதியில், இன்னும் ஓடையில் தங்கம் அலசிப் பிழைக்கும் ஒருவரிடம் பேச முடிந்தது. தாத்தா காலத்திலிருந்து அதே தொழில். பீலைக் காப்பாற்றியது நல்லதுதான், அங்கே யாருக்கும் பிழைப்பு போகவில்லையே என்றார். டாசன் பகுதிக்கும் இதே மாதிரித் திட்டக் குழு போட்டிருக்கிறார்கள். இங்கே ஏற்கெனவே சாலை இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, இவரைப் போன்ற குடும்பங்களும் இருக்கின்றன. பீலில் கிடைத்த விகிதத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. குழு என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடுவீர்களா என்று மச்சான் அவரிடம் கேட்டார். "என் ஓடையை விட்டுவிட்டால் போடுவேன்" என்றார்.