ஏழாம் வகுப்பு வட்டியும் பத்தாம் வகுப்புத் தொடர்வரிசையும்

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு வட்டி என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘நூற்றுக்கு ஒரு ரூபாய்’ என்றால் மாதத்துக்கு ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 விழுக்காடு என்பதை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் பத்தாம் வகுப்பில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற பாடத்தைத் தொடங்கும்போது, அதற்கும் வட்டிக்கும் உறவு உண்டு என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பல ஆண்டுகள் நானும் அந்த உறவைச் சொல்லாமலேயே பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஓராண்டு, ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் கூட்டுத் தொடர்வரிசையை விளக்குவதற்காக, 10 விழுக்காடு தனி வட்டியில் 1,000 ரூபாய் ஆண்டுதோறும் எப்படி வளர்கிறது என்று கரும்பலகையில் எழுதினேன்: 1,100, 1,200, 1,300. அதன் கீழே கூட்டு வட்டியில் அதே தொகை: 1,100, 1,210, 1,331. மேல்வரிசையில் ஒவ்வொரு முறையும் 100 கூடுகிறது. கீழ்வரிசையில் ஒவ்வொரு முறையும் 1.1 ஆல் பெருகுகிறது. உடனே ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், தனி வட்டிதானே கூட்டிக்கிட்டே போகுது? கூட்டு வட்டி பெருக்கிக்கிட்டுல்ல போகுது? பேரு மாறிக் கெடக்கே?”

அவள் கேட்டது சரியான கேள்வி. தனி வட்டி கூட்டுத் தொடர்வரிசையைத் தருகிறது. கூட்டு வட்டியோ பெருக்குத் தொடர்வரிசையைத் தருகிறது. வட்டியை முதலோடு கூட்டி, அந்த மொத்தத்துக்கு மறுபடி வட்டி போடுவதால்தான் அதற்குக் கூட்டு வட்டி என்று பெயர்; அப்படிக் கூட்டுவதன் விளைவோ ஒரே எண்ணால் பெருக்குவதாக முடிகிறது. ஏழாம் வகுப்பில் தனி வட்டி, எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி, பத்தாம் வகுப்பில் தொடர்வரிசை என்று மூன்று இடங்களில் கிடந்தவற்றை அந்தப் பெண் ஒரே கேள்வியில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

இதைத்தான் கல்வியியலில் சுருள்முறைப் பாடத்திட்டம் என்கிறோம். சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியபின் அமெரிக்காவில் அறிவியல், கணிதக் கல்வியைப் பற்றிய கவலை மிகுந்தது; 1959இல் வூட்ஸ் ஹோல் என்ற ஊரில் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய உளவியலாளர் ஜெரோம் புரூனர், அதன் கருத்துகளை 1960இல் நூலாக எழுதியபோது இந்த முறையை முன்வைத்தார். ஒரு பாடத்தின் அடிப்படைக் கருத்துகளைச் சிறு வயதிலேயே, அந்த வயதுக்கேற்ற நேர்மையான வடிவில் கற்பிக்கலாம். பிறகு அவற்றுக்கே திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் மேலும் ஆழமாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ‘நேர்மையான’ என்ற சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏழாம் வகுப்பில் சொல்வது எளிதாக இருக்கலாம், ஆனால் பத்தாம் வகுப்பில் தப்பென்று அழிக்க வேண்டியதாக இருக்கக் கூடாது.

திரும்ப வருவது வேறு, திரும்பச் சொல்வது வேறு. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தான் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அவன் பார்த்தது எல்லாம் அதே பேரேடுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் அதில் அவன் செய்ய வேண்டிய வேலை வேறாக இருந்தது. பாடத்திட்டத்தில் அப்படி வேலை மாறாவிட்டால், பல தலைப்புகளை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி தொடும் பழக்கமே மிஞ்சும். இந்த முறையின் மீது வைக்கப்படும் முக்கியமான குறையும் அதுதான். அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் பகுதியில் சுருள் அறுபடும் இடம் ஒன்று உண்டு. கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பிள்ளைகள் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ புதுவயலுக்கோ வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் வட்டி இல்லை. பத்தாம் வகுப்பில் அந்தக் கருத்து மீண்டும் வரும்போது பள்ளி வேறு, ஆசிரியர் வேறு, நடுவில் ஓராண்டு இடைவெளி. பாடத்திட்டம் தாளில் தொடர்ச்சியாக இருந்தாலும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு ஏறிப் போகிறவர் யாரும் இல்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியர் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கவில்லையென்றால், இந்த முறை தாளோடு நின்றுவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் சுருள் பத்தாம் வகுப்போடு முடிவதும் இல்லை. ஆண்டுக்கு 100 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு ரூபாய் ஆண்டு முடிவில் 2 ரூபாய் ஆகும். வட்டியை அரையாண்டுக்கு ஒருமுறை முதலோடு சேர்த்தால் 2.25; மாதந்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.61; நாள்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.71. எத்தனை முறை சேர்த்தாலும் 2.71828... என்ற எல்லையைத் தாண்டாது. 1683இல் ஜேக்கப் பெர்னூலி இந்த வட்டிக் கணக்கை ஆராய்ந்தபோதுதான் அந்த எண் தென்பட்டது. மேல்நிலை வகுப்பில் மாணவர்கள் அதை e என்ற பெயரில், அடுக்குக்குறிச் சார்பின் அடிமானமாகச் சந்திக்கிறார்கள். வட்டியின் வழியாக வந்து சேர்ந்தவர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த எண்ணாகத் தோன்றுவதில்லை.

இப்போது ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பழைய கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் அவற்றைக் கொண்டுவரச் சொல்கிறேன். தொடர்வரிசைப் பாடம் தொடங்கும் நாளில் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் அவர்கள் தம் கையெழுத்தில் போட்ட வட்டிக் கணக்குகளைத் திறந்து வைத்து, விடைகளை மட்டும் வரிசையாக எழுதச் சொல்கிறேன். நோட்டு இல்லாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டு.