பத்தாயிரம் கோக்கு பிரபுவின் வழியில் இரண்டு நாள்

ஜப்பானில் க்யோத்தோவையும் எடோவையும் (இன்றைய டோக்கியோ) இணைத்து, ஹகோனே மலையைக் கடக்கும் பழைய தோக்காய்தோ சாலையை நடந்து பார்க்கப் போகிறேன் என்றதும், ஒடவாரா பக்கமிருந்து ஏறச் சொன்னார்கள். நான் எதிர்ப்பக்கம், மிஷிமாவிலிருந்து கிளம்பினேன். அதற்குக் காரணம் சயாமாவை ஆண்ட ஹோஜோ குடும்பம்.

ஒடவாராவைத் தலைநகராக வைத்து ஐந்து தலைமுறை ஆண்டவர்கள் ஹோஜோக்கள். 1590இல், ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தளபதி தோயோதோமி ஹிதெயோஷியிடம் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஒரு கிளை மட்டும் பிழைத்து, இன்றைய ஒசாகாவுக்குத் தெற்கே சயாமாவில் சுமார் பத்தாயிரம் கோக்கு நிலத்தோடு நின்றது. ஒரு கோக்கு என்பது ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. பத்தாயிரம் கோக்கு இருந்தால்தான் டைம்யோ, அதாவது பிரபு, என்ற தகுதி. அப்படியானால் இவர்கள் விளிம்பில் நின்ற குறுநில மன்னர்கள். கோட்டைகூடக் கிடையாது, ஜின்யா எனப்படும் மாளிகை மட்டும்தான்.

1635இல், எடோவிலிருந்து நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் இயெமித்சு ஒரு முறையைச் சட்டமாக்கினார். டைம்யோ ஒரு வருடம் சொந்த ஊரில் இருக்கலாம், அடுத்த வருடம் எடோவில் இருந்தாக வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே, பிணையாக. தோக்காய்தோ வழியாக எடோவுக்குப் போகும் சயாமா பிரபு, முன்னோர் தோற்ற மலையில் ஏறி, முன்னோரின் கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். வரைபடத்தில் இதைக் கவனித்த அன்றைக்கே நடந்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

நவம்பர் கடைசி. மிஷிமா தாய்ஷா கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். ஹகோனே வரை சுமார் 15 கி.மீ., பெரும்பாலும் ஏற்றம்தான். கணவாயின் உயரம் 846 மீட்டர். பாதி வழியில் கோவாமேஷி சரிவு வருகிறது. முதுகில் சுமந்துபோன அரிசி, சுமப்பவரின் வியர்வைச் சூட்டிலேயே வெந்துவிடுமாம், அதனால் அந்தப் பெயர். என் பையில் ஆறு கிலோகூட இல்லை. ஆனாலும் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த நேரத்தில் நினைத்ததெல்லாம் சுமந்தவர்களைப் பற்றித்தான். ஊர்வலங்கள் அளவுமீறிப் போனதால் 1721இல் ஷோகுன் அரசு ஒரு வரம்பு வைத்தது. பத்தாயிரம் கோக்கு பிரபுவுக்குக் குதிரை வீரர் மூன்று நான்கு பேர், காலாள் 20, சுமைக்கூலிகள் 30. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாயிரம் கோக்கு என்பது விளைச்சலின் மதிப்பு. நாலு பங்கு அரசுக்கு, ஆறு பங்கு குடிகளுக்கு என்று வைத்தால் கைக்கு வருவது நாலாயிரம். அதில்தான் வீரர்களின் சம்பளம், எடோ மாளிகையின் செலவு, இந்தப் பயணம் எல்லாம் நடக்க வேண்டும். பெரிய பிரபுவைவிடச் சின்ன பிரபுவைத்தான் இந்த முறை அதிகமாக நெரித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதியம் யாமானகா கோட்டையை அடைந்தேன். கல்சுவர் எதுவும் இல்லை, வெறும் மண். அகழிக்குள் குறுக்கும் நெடுக்குமாக வரப்பு விட்டிருக்கிறார்கள், வாஃபிள் அச்சு மாதிரி. 1590இல் சுமார் 4,000 பேர் இங்கே 70,000 பேரை எதிர்த்து நின்றார்கள். அரை நாளில் கோட்டை விழுந்தது. சாலை கோட்டையை ஒட்டியே போகிறது. பல்லக்கில் வந்த சயாமா பிரபு திரையை விலக்கிப் பார்த்திருப்பாரா? அகழி ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அதனால் ஹகோனேயை அடைவதற்குள் இருட்டிவிட்டது. நவம்பரில் நாலரைக்கே வெளிச்சம் போய்விடும். நீங்கள் போனால் தலைவிளக்கு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் முதலில் ஹகோனே சோதனைச் சாவடி. 2007இல் முழுதாக மீட்டுக் கட்டப்பட்டது. எடோவை விட்டு வெளியேறும் பெண்களை இங்கே கடுமையாகச் சோதித்தார்கள், பிணையாக இருக்கும் மனைவியர் தப்பிவிடக் கூடாதல்லவா. டைம்யோ முன்கூட்டித் தகவல் சொல்லியிருந்தால் சோதனை இல்லை. ஆனால் சாவடியை நடத்தியது ஒடவாரா அரசு. தன் முன்னோர் ஆண்ட ஊரின் ஆட்கள் அனுமதிக்க, சயாமா பிரபு இந்தப் படலைத் தாண்டியிருக்கிறார். க்யோத்தோ பக்க வாசலில் நுழைந்து எடோ பக்க வாசலில் வெளியே வர எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. 1680இல் கல் பாவிய பாதை இது. முந்தைய இரவு மழை, கல்லெல்லாம் பாசி. குரங்கும் சறுக்கும் சரிவு என்று ஒன்றுக்குப் பெயரே இருக்கிறது, அங்கேதான் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. அடுத்த காஷினோகி சரிவில், கருவாலிக்கொட்டை அளவு கண்ணீர் வருகிறது என்று பழைய பயணி ஒருவர் பாடி வைத்திருக்கிறார். எனக்கும் வந்தது. நடைக்கோல் இல்லாமல் வராதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. வலி அதிகமானால் ஹதாஜுகுவில் பேருந்து கிடைக்கும். நான் ஏறவில்லை. சோஉன்ஜி கோயிலை நடந்தே அடைய வேண்டும் என்று பிடிவாதம்.

யுமோதோவில் இருக்கும் சோஉன்ஜி ஹோஜோக்களின் குலக்கோயில். 1590 போரில் ஹிதெயோஷி இதைத்தான் பாசறையாக்கினார், பிறகு எரித்தார். இன்று பின்புறம் மரநிழலில் ஐந்து தலைமுறைக்கும் ஐந்து கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. 1672இல் அவற்றை எழுப்பியவர் சயாமா ஹோஜோ குடும்பத்தின் ஐந்தாம் தலைவர் ஹோஜோ உஜிஹாரு. எடோ கோட்டையில் சிறிய பிரபுக்களோடு வில்லோ அறையில் உட்காரும் குடும்பம், அந்தப் பற்றாக்குறையிலும் 82 வருடம் கழித்து முன்னோருக்குக் கல் வைத்திருக்கிறது. சயாமாவில் அல்ல, இங்கே, போகும் வழியிலேயே. கால் வலியோடு அங்கே நின்றபோது, இந்த இரண்டு நாளும் நான் தேடி வந்தது இதைத்தான் என்று தோன்றியது.

அந்தப் பற்றாக்குறை கடைசி வரை தீரவில்லை. 1871இல் நாடு முழுக்க டைம்யோ அரசுகள் கலைக்கப்பட்டன. சயாமா அதற்கும் முன்னாலேயே, 1869இல், சமாளிக்க முடியாமல் தானாகவே விலகிவிட்டது.

ஒடவாராவை அடைந்தபோது மணி நாலு. கோட்டையின் மேல்மாடம் 1960இல் கான்கிரீட்டில் கட்டியது. ஆனாலும் சாய்ந்த வெயிலில் கம்பீரமாகத்தான் இருந்தது. சயாமா பிரபு இந்த ஊரில் இரவு தங்கினால் கோட்டையில் அல்ல, சாலையோரச் சத்திரத்தில். மறுநாள் காலையில் மறுபடியும் பல்லக்கு. எடோவுக்கு இன்னும் 80 கி.மீ. இருக்கிறது.