மூன்று தரம் சொன்ன பிறகும்

குளச்சல் கரையில் மீன் ஏலம் போகும்போது, மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் எடுத்தவர் யார் என்பது அங்கு நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் பணத்துக்குத் தவணை சொன்னாலும் மறுநாள் காலையில் அதே கரைக்குத்தான் வந்தாக வேண்டும். நாகர்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இணைய ஏலத்தில் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளை விற்கும் எனக்கு அந்த வசதி கிடையாது. எடுத்தவர் எங்கோ ஐரோப்பாவில் இருப்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

நம் கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் இந்தத் தலைகள் இன்னும் கிடைக்கின்றன. 1939-இல் வெளியான வரிசையில் கன்னியாகுமரி முனையும் பேச்சிப்பாறை அணையும் படமாக இருக்கின்றன. திருவிதாங்கூர்த் தலைகளின் விலையை அந்நாட்டு நாணயங்களான சக்கரத்திலும் காசிலும் அச்சிட்டிருப்பார்கள். திருவிதாங்கூரில் ‘பணம்’ என்பதே ஒரு நாணயத்தின் பெயர். நான்கு சக்கரம் சேர்ந்தால் ஒரு பணம். இப்போது டாலரில் வர வேண்டிய பணத்துக்காக நான் படும் பாட்டைப் பார்த்தால், அந்தக் கணக்கே எளிது என்று தோன்றும்.

ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் இருப்பதுதான் புதிதாக விற்க வருகிறவர்களை முதலில் கலங்க வைக்கிறது. இணைய ஏலத் தளமான ஈபேயில் ஏலம் எடுத்தவர் நான்கு நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ஐந்தாம் நாளிலிருந்து விற்பவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். ஆனால் ஐந்தாம் நாள் விடிந்ததுமே ரத்து செய்துவிடுவது புத்திசாலித்தனம் அன்று என்பது என் அனுபவம். பணம் தாமதிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்: ஒருவர் என் மற்ற ஏலங்களும் முடியட்டும், எல்லாவற்றையும் ஒரே உறையில் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பார், இன்னொருவர் தலையின் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்பார். ஆகவே இரண்டாம் நாளே, தலையின் விலை இவ்வளவு, அஞ்சல் செலவு இவ்வளவு, இன்னொன்றும் எடுத்தால் அஞ்சல் செலவு ஏறாது என்று மூன்றே வரியில் எழுதிவிடுகிறேன். கெஞ்சலும் மிரட்டலும் இல்லாத அந்த மூன்று வரிக்குப் பிறகு வந்து சேர்ந்த பணம்தான் அதிகம்.

பணம் கட்டாதவரைவிட, கட்டியதாகச் சொல்கிறவரிடம்தான் கவனம் தேவை. ‘உங்களுக்கான தொகை எங்களிடம் வந்துவிட்டது, பொருளை அனுப்பிய பதிவு எண்ணைத் தந்ததும் விடுவிப்போம்’ என்று, இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலின் பெயரில் வரும் மின்னஞ்சல் பொய். அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், நாமே தளத்தைத் திறந்து கணக்குக்குள் பார்க்க வேண்டும். அங்கே இல்லாத பணம் எங்கும் இல்லை. விலைக்கு மேல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை என் சரக்கு முகவருக்கு அனுப்பிவிடுங்கள் என்பவரும் இதே கூட்டம்தான். முதலில் வந்த தொகை பின்னர் செல்லாததாகிவிடும். நாம் முகவருக்கு அனுப்பியது மட்டும் போனது போனதுதான்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஒரு முறை நானே ஏமாந்தேன். ஸ்பெயினிலிருந்து ஒருவர் 86 டாலருக்கு அஞ்சல் தலை ஒட்டிய பழைய உறை ஒன்றை எடுத்து, அன்றைக்கே பணமும் செலுத்திவிட்டு, மகள் வேறு நாட்டில் படிக்கிறாள், அவள் முகவரிக்கு அனுப்ப முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவில் மயங்கி அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து, பொருள் வந்து சேரவில்லை என்று முறையிட்டார். என் கையில் ரசீது இருந்தது; சேர்ந்ததற்கான பதிவும் இருந்தது; ஆனால் சேர்ந்த முகவரி, பணம் செலுத்தும்போது அவர் கொடுத்த முகவரி அன்று. பரிவர்த்தனைப் பக்கத்தில் காணப்படும் முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு என்ற பேபால் விதியை நான் படித்திருந்தேன், அதுதான் வேதனை. வெளிநாட்டிலிருந்து வரும் தொகையை நாம் பேபால் கணக்கிலேயே இருப்பு வைக்க முடியாது, அது தானாக வங்கிக்குப் போய்விடும் என்பதால், அந்த 86 டாலர் அதற்குள் ரூபாயாகி, எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியாக நின்றுகொண்டிருந்தது. தொகை அவருக்குத் திரும்பிப் போக, என் கணக்கில் கழித்தல் குறி விழுந்தது. அடுத்து விற்ற மூன்று தலைகளின் பணம் அந்தப் பள்ளத்தை அடைக்கவே சரியாக இருந்தது. இப்போது யாராவது முகவரி மாற்றம் கேட்டால், பணத்தை முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிட்டு, புதிய முகவரியைப் போட்டு மறுபடி செலுத்தச் சொல்கிறேன். உண்மையானவர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் செலுத்திவிடுகிறார்கள்.

பணம் ஒழுங்காக வந்தும் சிக்கலான காலம் ஒன்றும் உண்டு. 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்கா அளித்து வந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் முடிவுக்கு வந்தபோது, சில நாள் முன்பே இங்கே அந்நாட்டுக்கான அஞ்சல் முன்பதிவு நிறுத்தப்பட்டு, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. அப்போது மூன்று அமெரிக்கர்களின் பணம் என்னிடம் இருந்தது, அவர்களின் தலைகளும் என்னிடமே இருந்தன. காத்திருக்கச் சொல்லாமல் மூவருக்கும் பணத்தைத் திருப்பினேன். பேபால் பிடித்த கட்டணம் எனக்குத் திரும்பவில்லை, போகட்டும். அவர்களில் ஒருவர் சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதி அனுப்பிவிடுங்களேன் என்றார். பரிசு என்று நானே கையெழுத்திட்டுவிட்டு, நாளை தகராறு வந்தால் இது விற்பனை என்று எந்த வாயால் வாதாடுவது? மறுத்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார்; மற்ற இருவரும் நவம்பரில் அதே தலைகளை அதே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

பேபாலில் வாங்கியவர் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை முறையிடலாம். அதனால் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றில் பணம் வந்த நாள், அனுப்பிய நாள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாகக் ‘கெடு’ என்றொரு பத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு உறையையும் ஒட்டுவதற்கு முன் உள்ளிருப்பதோடு ஒரு படம், ஒட்டிய பின் முகவரி தெரிய ஒரு படம். அஞ்சலக ரசீதின் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப் போவதால் அதையும் அன்றே படமெடுத்துவிடுகிறேன். நோட்டில் இன்று கெடு தாண்டாமல் பதினொரு வரிகள் நிற்கின்றன. அவற்றில் கடைசி வரி, போன வாரம் லண்டனுக்குப் போன ஒரு பேச்சிப்பாறை அணை.